ராயபுரத்தில் பார்க்க என்ன இருக்கிறது? வட சென்னை என்பதைத் தாண்டி அந்தப் பேட்டைக்கு என்று ஒரு அடையாளம் உண்டா?

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம். கல்யாணமாகித் தாம்பரம் வந்து பல வருடம் ஆகிவிட்டது. இன்னும் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் சென்னை என்று வாயில் வருவதில்லை, ராயபுரம் என்றுதான் வருகிறது. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியவில்லை.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பீட்டரை ராயப்பர் என்பார்கள். அவரை வைத்துத்தான் ராயபுரம் என்ற பெயரே வந்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். 1829-ல் எழும்பிய அவருடைய கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. அதைக் கட்டிக் கொடுத்தது எந்த ஜமீன்தாரும் இல்லை, படகுக்காரர்கள். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் கரைக்கு வருவது மசூலாப் படகில். ஆணியே இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகை நம் கரையோர அலை உடைத்துப் போடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அதை ஓட்டியவர்கள் தங்கள் கூலியிலிருந்து மகிமை என்று ஒரு பங்கை ஒதுக்கிவந்தார்கள். அந்தக் காசில் வந்த கோயில்! சின்ன வயதில் எத்தனையோ முறை அதன் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன். இந்தக் கதை தெரிந்த பிறகு அந்தச் சுவரைப் பார்க்கும்போது மனசுக்குள் என்னவோ செய்கிறது.

அங்கேயே மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிக்காரர்களின் அக்னிக் கோயில் இருக்கிறது. 1910-ல் கட்டியது, தமிழ்நாட்டிலேயே அது ஒன்றுதான். மற்றவர்கள் உள்ளே போக முடியாது, வெளியே நின்று பார்க்கலாம். பார்சிக் கோயிலின் விலாசத்தில் மாதா கோயில் இருக்கிறது பாருங்கள், அதுதான் ராயபுரம்.

ரயில் நிலையத்தைத் தவற விடாதீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1873-ல். தூண் வைத்த அந்தப் பழைய கட்டடம் இன்னும் இருக்கிறது. அப்புறம் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுகவின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். இப்போது அதற்கு அண்ணா பெயர்.

ஆனால் என்னைக் கேட்டால், ராயபுரத்தைப் புரிந்துகொள்ள ஒட்டினாற்போல இருக்கும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடிவதற்கு முன்னால் போக வேண்டும். என் ஆயா அங்கே மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவள். லீவு நாளில் என்னையும் கூட்டிப்போவாள். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். வஞ்சிரம், சங்கரா, கானாங்கத்தை என்று குவித்துக் கிடக்கும். ஏலம் விடுகிறவர் விலையை இரண்டு இரண்டு முறை கத்திக்கொண்டே போவார். ஆயா வாயே திறக்க மாட்டாள். முதலில் செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பாள், பிறகு வயிற்றை விரலால் அழுத்துவாள். பிடித்திருந்தால் ஒரு தலையாட்டு, அவ்வளவுதான். ஏலக்காரருக்கு அது போதும். புடவைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, கூடையைத் தூக்கித் தலையில் ஏற்றும்போது மட்டும், "புடி கண்ணு" என்பாள்.

வேலைக்கு முயன்ற காலத்தில் ஒரு நேர்முகத் தேர்வில் என் விலாசத்தைப் படித்துவிட்டு, "அந்த ஏரியாவிலா இருக்கீங்க? பயமா இல்லையா?" என்று கேட்டார்கள். அன்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குக் கேட்டால் பதில் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. இந்த நகரத்துக்கு வந்து இறங்கிய மூட்டைகளையெல்லாம் முதலில் தொட்ட கைகள் எங்கள் கரையோரத்துக் கைகள். கடலை நம்பி வந்தவர்கள் கட்டிய பேட்டை இது. படகுக்காரர், மீனவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், வியாபாரத்துக்கு வந்த பார்சிக்காரர் என்று எல்லாருக்கும் இடம் கொடுத்தது.

சரி, போவதாக இருந்தால் சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறுங்கள், ராயபுரத்தில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் காலே வைக்க முடியாது, வேறு நாள் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பெரிய மீன் குறைவு. ஆனால் நான் அப்போதுதான் போவேன். படகுகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர்களுக்குப் பேசவும் நேரம் இருக்கும்.