வாளையாறு தாண்டினால் வேறு பதிவுங்க

வணக்கங்க. உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் மகள் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருஷம். பெரியம்மா மகள் பாலக்காட்டுக்கு வரச் சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர் துபாய் என்கிறார், ஏஜென்ட் ஜெர்மனி என்கிறார். "நர்சு படிச்சா எங்க போனாலும் நர்சுதானுங்களே?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கலே அங்கேதான்.

உங்கள் மதுக்கரையிலிருந்து கேரள எல்லையான வாளையாறு எட்டிப் பார்க்கும் தூரம். ஆனால் அதைத் தாண்டி வேலை பார்க்க கேரளா நர்சிங் கவுன்சிலின் பதிவு வேண்டும். அதற்கு முதலில் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிந்து, தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதனால் எந்தப் பக்கம் போவதானாலும் படிப்பு முடிந்த கையோடு இங்கே பதிவு செய்துவிடுங்கள். இங்கே எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் அரசு வேலைக்குப் போகவும் அந்தப் பதிவு வேண்டும்.

துபாய்க்கும் அபுதாபிக்கும் உரிமம் கொடுக்கும் அமைப்பே வேறு வேறு. தேர்வு உண்டு; அதோடு டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பும் உண்டு. கல்லூரி, கவுன்சில், வேலை பார்த்த ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் எழுதிக் கேட்பார்கள். நம் பிள்ளைகள் பலர் மாட்டுவது தேர்வில் இல்லை, இனிஷியலில். மார்க் ஷீட்டில் 'கே. காவ்யா', பாஸ்போர்ட்டில் 'காவ்யா கந்தசாமி' என்று இருந்தால், இருவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்கவே மாதங்கள் ஓடிவிடும். அனுபவச் சான்றில் சேர்ந்த தேதி ஒருநாள் பிசகினாலும் கேள்விதான்.

ஜெர்மனிக்கு மொழிதான் மலை. நர்சு உரிமத்துக்குப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் பி2 என்ற தேர்ச்சி நிலை கேட்கிறார்கள். அது வரும்வரை அங்கே உதவியாளர் வேலைதான். மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிற ஏஜென்டிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். இங்கிலாந்துக்குக் கணினித் தேர்வை இங்கேயே எழுதலாம். செய்முறைத் தேர்வான ஆஸ்கியை அங்கே போய்த்தான் முடிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் இரண்டு வருஷம் இருக்கட்டும். சம்பளம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டில் பலரும் புரட்டிப் பார்ப்பது அந்த அனுபவச் சான்றிதழைத்தான். நடுவில் கல்யாணம் என்று வேலையை விட்டுவிட்டால், இடைவெளிக்கும் கணக்குக் கேட்பார்கள்.

சரி, இந்த வாரமே பத்தாம் வகுப்புச் சான்றையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். அப்புறம், அடுத்த முறை வரும்போது அம்மணியையும் கூட்டி வாருங்கள். அது எங்கே போக நினைக்கிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லைங்களே.