பழைய மருந்து ஸ்டோர் இருந்த இடத்தில் புதுவீடு: மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டியது யார்?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகள்) எங்களை எடுத்து, ஆளுக்கு 7 பேர்ச் காணியில் தனிவீடு கொடுத்தார்கள். முன்பு அங்கேதான் தோட்டத்துப் பூச்சிமருந்து, களைமருந்து ஸ்டோரும் டீசல் தாங்கியும் இருந்தன. போன மாதம் கக்கூஸ் குழி வெட்டியபோது 3 அடிக்குக் கீழே கறுத்த மண் வந்தது. டீசல் மணமும் மருந்து நெடியும் அடிக்கின்றன. கீழே உள்ள பீலியில்தான் (ஊற்று நீர் விழும் குழாய்) 14 குடும்பங்கள் தண்ணீர் பிடிக்கின்றன. "வீடு கொடுத்தாயிற்று, இனி உங்கள் பாடு" என்கிறது நிர்வாகம். குழியை மூடவும் ஆள் அனுப்பினார்கள். காணி உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், குழியை மூட விடாதீர்கள். உங்களிடம் இருக்கும் பலமான சாட்சி அதுதான். அளவு நாடாவை உள்ளே தொங்கவிட்டு, கறுத்த மண் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று தெரியும்படி படம் எடுங்கள். மேலே தகரம் போட்டு, சுற்றி வரம்பு கட்டுங்கள். மழைநீர் உள்ளே இறங்கினால் டீசலைப் பீலிப் பக்கம் தள்ளிவிடும். பிள்ளைகளை அங்கே விடாதீர்கள்.

பீலித் தண்ணீரைப் பரிசோதனை முடியும்வரை குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. தண்ணீர் வற்ற வற்ற ஆவியாகாத நச்சு செறிவாகும். பவுசர் தண்ணீர் கேட்டு பிரதேச சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் இன்றே எழுதுங்கள். தோட்டத்துக்குள் வேலை செய்ய முடியாது என்று சபை சொன்னால், அந்தத் தடை பிரதேச சபைச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது என்று குறிப்பிடுங்கள். கடிதங்களைத் தமிழிலேயே எழுதலாம். பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்காமல் திரும்பி வராதீர்கள்.

உறுதி வராதது இந்த விஷயத்தில் உங்களுக்குப் பாதகமில்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது நிர்வாகமும் குத்தகையும்தான் மாறின, நிலம் அரசுடையதாகவே இருந்தது. ஆகவே நிலச் சொந்தக்காரரையும் குத்தகைக்காரரையும் கேள்வி கேட்கும் இடம் உங்களுக்கு உண்டு. உறுதி வந்த பிறகும் மாசுபடுத்தியவரின் பொறுப்பு தானாக உங்கள் தலைக்கு மாறிவிடாது. "காணியை உள்ளபடியே ஏற்றுக்கொண்டோம், மேற்கொண்டு கோரிக்கை இல்லை" என்ற வரி உள்ள பத்திரத்தில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்றிதழைக் காட்டி "நிலம் நல்லது" என்பார்கள். அந்தச் சான்றிதழ் மண் சரியுமா என்பதைத்தான் பார்க்கிறது, மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்பதை அல்ல.

இனிப் பரிசோதனை. பலர் தோற்பது இங்கேதான். ஆய்வுகூடம் நீங்கள் கேட்டதை மட்டுமே தேடும். "விஷம் இருக்கிறதா" என்று கேட்டால் பயனில்லை. பெற்றோலிய ஐதரோகாபன், பழைய குளோரின் வகைப் பூச்சிகொல்லிகள், பராகுவாட் என்ற களைகொல்லி, செம்பு, ஆசனிக் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தேயிலையின் கொப்புள நோய்க்கு அடித்த செம்பு மருந்து மண்ணில் தங்கும். பராகுவாட் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு அதிகம் நகராது. டீசல் நகரும், பீலிக்குப் போவது அதுதான். அந்தக் காலத்தில் மருந்தடித்தவர்கள் உயிரோடிருந்தால், ஸ்டோரில் என்ன இருந்தது, மருந்தடிக்கும் டாங்கி கழுவிய இடம் எது, கழுவிய தண்ணீர் எந்த வடிகானில் போனது என்று சத்தியக் கடதாசி வாங்குங்கள். கழுவிய இடம் ஸ்டோரை விட மோசமாக இருப்பதுண்டு. ஸ்டோர் பதிவுப் புத்தகங்களை அழிக்கக் கூடாது என்று நிர்வாகத்துக்குச் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்புங்கள்.

மாதிரியை நீங்களே பையில் அள்ளிக் கொடுத்தால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும். ஐ.எஸ்.ஓ. 17025 தர அங்கீகாரம் உள்ள ஆய்வுகூடத்தின் ஆட்களே வந்து எடுக்கட்டும். கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரியுங்கள். மேற்பரப்பில் 15 சென்டிமீட்டருக்குள் ஒன்று, அரை மீட்டரில் ஒன்று, 1 மீட்டரில் ஒன்று என வெவ்வேறு ஆழங்களில் எடுக்க வேண்டும். மேட்டில், மருந்து படாத மண்ணிலும் ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் "இந்த மலை மண்ணே இப்படித்தான்" என்பார்கள். டீசலுக்கான மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் இடைவெளி விடாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்தால் ஆவியாகும் பகுதி பறந்து, அளவு குறைத்துக் காட்டும். பீலித் தண்ணீரை எஸ்.எல்.எஸ். 614 குடிநீர்த் தரத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதில் ஆசனிக்கின் எல்லை லீட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

சட்ட வழிகளில் வேகமானது நீதவான் நீதிமன்றம். 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்கீழ் பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனைக் கட்டளை (அகற்று, இல்லாவிட்டால் வந்து காரணம் சொல் என்ற கட்டளை) கேட்கலாம். அதே வேளையில் 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு முறைப்பாடு போக வேண்டும். நட்டஈட்டு வழக்குக்கு 2 வருட எல்லை உண்டு.

அடிப்படை உரிமை மனுவுக்கு 1 மாதம்தான். குழி வெட்டியது போன மாதம் என்கிறீர்கள், ஆகவே அந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த 1 மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. விசாரணை நடப்பதற்கான எழுத்துச் சான்றும் கையில் இருக்க வேண்டும். இந்த மனு அரச தரப்பின் செயலுக்கும் செயலின்மைக்கும் எதிரானது. சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற அடிப்படையில், மின்நிலையக் கம்பனி 2 கோடி ரூபாய் கொடுக்கக் கட்டளையிட்டது. உங்கள் சட்டத்தரணி முதலில் வாசிக்க வேண்டிய தீர்ப்பு அது.

நிர்வாகம் இறங்கி வந்து "மண்ணை அள்ளித் தருகிறோம்" என்றால் கவனம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் என்றால் 30 கன மீட்டர், ஏறக்குறைய 50 தொன். வெட்டியதும் உப்பி 13 கியூப் (1 கியூப் 100 கன அடி) அளவுக்கு வரும். அதைத் தேயிலை மலையிலோ ஆற்றோரத்திலோ கொட்டினால் மாசு இடம் மாறும், அவ்வளவுதான். அபாயக் கழிவு என்று உறுதியானால், சுற்றாடல் சட்டத்தின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி அனுமதிப்பத்திரம் உள்ளவரே ஏற்றிச் செல்லலாம். அத்திவாரத்தை ஒட்டிச் சரிவில் வெட்டுவதற்குக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை கட்டாயம் வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை, மழை குறைந்த காலத்தில் வேலையை வைக்கச் சொல்லுங்கள்.

உடன்பாட்டில் ஒரு வாசகம் இருந்தே ஆக வேண்டும்: அள்ளி முடிந்ததும் குழியின் அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் மறுபடி மாதிரி எடுத்து, அறிக்கையின் பிரதியை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை குழியில் ஒரு கூடை நல்ல மண்கூடக் கொட்ட விடாதீர்கள்.