வாசகர் கேள்வி: ஊர்த்தெரு வழியாக

கேள்வி (டர்பன் பீனிக்ஸ் வாசகர்): இந்தியாவின் தேசிய மொழி இந்திதானே?

பதில்: இல்லை தம்பி. தேசிய மொழி என்று அரசியல் சட்டம் எதையும் சொல்லவில்லை. எட்டாவது அட்டவணையில் 14 மொழிகளோடு தொடங்கினார்கள், இப்போது 22. நம் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவிலும் தமிழின் பெயர் இருக்கிறது, எடுத்துப் படித்துப் பாருங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகி): என் மகன் முதல்முறையாக இந்தியா போய்வந்தான். இளநீர்க்காரர்கூட போனில்தான் காசு வாங்குகிறாராம். நாடே அடியோடு மாறிவிட்டது என்கிறான். அப்படியா ஐயா?

பதில்: இளநீர் வண்டியில் தொங்கும் அந்தக் கட்டம்போட்ட அட்டையை நானும் பார்த்தேன் அம்மா. 2016இல் வந்த யுபிஐ அது. சில்லறைத் தகராறு தீர்ந்தது, சந்தோஷம். ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று.

என் தாத்தாவின் அப்பா வட ஆற்காட்டிலிருந்து கூலிக்குக் கப்பலேறியவர். "ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டுத்தான் நடக்கணும்." ஊரைப் பற்றி அவர் விட்டுப்போன சேதி இது ஒன்றுதான். கரும்புத் தோட்டத்தில் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனாலும் திரும்பிப் போகும் பேச்சையே எடுக்கவில்லையாம்.

2022 ஆகஸ்ட் 15 அன்று அந்த ஊரில் இருந்தேன். கிராமசபை நடந்தது. தலைவர், தலித் மக்கள் குடியிருக்கும் காலனியைச் சேர்ந்த பெண், நாற்பது வயதிருக்கும். குழாய் ஏன் பாதித் தெருவோடு நின்றது என்று ஒரு பெரியவர் அதட்டினார். தலைவர் நோட்டைப் புரட்டி, எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு என்று குரல் உயர்த்தாமல் படித்தார். பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

1993 ஏப்ரல் 24இல் அமலுக்கு வந்த 73ஆவது திருத்தம் தந்த நாற்காலி அது. பஞ்சாயத்துப் பதவிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைப்படி இடம். பெண்களின் பங்கைத் தமிழ்நாடு பிறகு பாதியாக்கியது. 1994 ஏப்ரல் 27இல்தான் நாம் இங்கே எல்லோரோடும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம்.

எல்லா ஊரும் இப்படியில்லை. 2020இல் கடலூர் மாவட்டத்தில் ஒரு பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படத்தைப் பார்த்து அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. சட்டம் நாற்காலியைத்தான் தரும். அதில் உட்கார விடுவது ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது.

அன்று கிராமசபை முடிந்ததும் எங்கள் ஊர்த் தலைவர் ஊரைச் சுற்றிக் காட்டக் கூப்பிட்டார். ஊர்த்தெரு முனையில் என் கால் தானாக நின்றது.

"வாங்கண்ணா" என்று செருப்புக் காலோடு அவர் முன்னால் நடந்தார்.