ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்தை மீறி ஓட்ட) எந்த மதர்போர்டு வாங்கலாம்? எக்ஸ்670இ அவசியமா?

அவசியமில்லை. நல்ல பி650 போர்டு ஒன்று போதும் (பி650, எக்ஸ்670இ என்பவை சிப்செட்டின், அதாவது போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்பின் பெயர்கள்). மிச்சமாகும் பணத்தைக் கூலருக்கும் ராமுக்கும் ஒதுக்குங்கள். "நல்ல" என்பதற்கு என்ன பொருள் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஓவர்கிளாக் என்றால் உயர்ந்த சிப்செட்தான் வேண்டும்" என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இன்டெல் போர்டுகளை விற்றுப் பழகியவர்கள் அப்படிச் சொல்வது வழக்கம். அங்கே அது உண்மையும்கூட. 12600கே பிராசஸரை வாங்கி பி660 போர்டில் மாட்டினால் ராமின் வேகத்தைக் கூட்டலாம்; பிராசஸரின் வேகத்தை நிர்ணயிக்கும் மல்டிப்ளையரைத் தொட முடியாது. அதற்கு இசட்690 அல்லது இசட்790 வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் கதை வேறு. பி650, எக்ஸ்670 இரண்டுமே ஓவர்கிளாக்கை அனுமதிக்கின்றன. ஏ620 போன்ற மலிவான சிப்செட்கள்தான் பிராசஸர் ஓவர்கிளாக்கைத் தடுக்கின்றன. சொல்லப்போனால், பி650 போர்டில் ஒன்றாக இருக்கும் அதே சிப்பை இரண்டாகக் கோத்ததுதான் எக்ஸ்670. யுஎஸ்பி, சாட்டா, எம்.2 இணைப்புகள் கூடுதலாகக் கிடைக்கும். பெயரின் கடைசியில் வரும் "இ" கிராபிக்ஸ் கார்டுக்கு பிசிஐஇ 5.0 எனும் வேகமான இணைப்பு கிடைக்கும் என்பதற்கான அடையாளம். இவற்றால் உங்கள் பிராசஸர் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூடக் கூடுதலாக ஓடாது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? சாக்கெட்டின் இடப்பக்கத்தையும் மேற்பக்கத்தையும் பாருங்கள். விஆர்எம் எனப்படும் மின்சாரம் வழங்கும் பகுதி அங்கேதான் இருக்கிறது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன்.

2014இல் எஃப்எக்ஸ் 8350 பிராசஸர் ஒன்றை வாங்கினேன். கையில் இருந்த பணமெல்லாம் அதற்கே போய்விட்டதால் கிடைத்த மலிவான போர்டில் மாட்டினேன். பிராசஸரை ஆதரிக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தது. 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடவும் செய்தது. ஆனால் வீடியோ ரெண்டர் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் வேகம் 1.4க்குச் சரியும், சில நொடிகளில் மீண்டும் 4.4க்கு ஏறும், மறுபடி சரியும். பிராசஸரின் வெப்பநிலை 60 டிகிரியைக்கூடத் தாண்டவில்லை. வைரஸ் என்று நினைத்து இரண்டு முறை விண்டோஸை அழித்து நிறுவினேன். ஒருநாள் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை மின்விசிறியை உள்ளே திருப்பி வைத்தேன். சரிவு நின்றுவிட்டது. அப்போதுதான் எங்கேயோ ஏதோ கொதிக்கிறது என்று உறைத்தது.

ஆறு மாதத்தில் கருகல் வாடையோடு கணினி அணைந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்வீஸ் செய்பவரிடம் எடுத்துப் போனேன். அவர் போர்டைக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். சாக்கெட்டின் இடப்பக்கத்தில் போர்டு கருகிய காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தது. மேலே ஹீட்சிங்க் (வெப்பத்தை உறிஞ்சும் உலோகக் கட்டி) எதுவும் இல்லாத நான்கைந்து மாஸ்ஃபெட்களில் (விஆர்எம்மில் மின்சாரத்தை மாற்றித் தரும் சிப்புகள்) ஒன்றில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. "பிராசஸர் நன்றாகத்தான் இருக்கும். அதற்குச் சோறு போட்டவன்தான் செத்துவிட்டான்" என்றார். அந்தப் பிராசஸரை வேறொரு போர்டில் மாட்டி நான்கு வருடம் பயன்படுத்தினேன்.

அவர் சொன்னதைக் கணக்காகப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளை தருவது 12 வோல்ட். பிராசஸருக்குத் தேவை ஏறத்தாழ 1.2 வோல்ட். 120 வாட் என்பது 12 வோல்ட்டில் 10 ஆம்பியர், அதுவே 1.2 வோல்ட்டில் 100 ஆம்பியர். இந்த மாற்றம் முழுவதும் விஆர்எம்மில் நடக்கிறது. ஓவர்கிளாக் செய்தால் சுமை இன்னும் கூடும், ஏனென்றால் மின்திறன் வேகத்தைப் பொறுத்தும் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தும் ஏறுகிறது. வேகத்தை 5 சதவீதம் கூட்ட வோல்டேஜை 8 சதவீதம் ஏற்ற நேர்ந்தால் மின்திறன் சுமார் 22 சதவீதம் கூடிவிடும்.

விஆர்எம்மில் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் பிரிவுகளான ஃபேஸ்களின் எண்ணிக்கை இதனால்தான் முக்கியம். 100 ஆம்பியரை ஐந்து ஃபேஸ்கள் சுமந்தால் ஆளுக்கு 20. பத்து சுமந்தால் ஆளுக்கு 10. மின்தடையால் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், பத்தாகப் பிரியும்போது அந்த வெப்பம் மொத்தத்திலேயே பாதியாகிவிடுகிறது. பெட்டியில் 14+2+1 என்று இருந்தால் 14 பிராசஸர் கோர்களுக்கு, 2 எஸ்ஓசிக்கு (பிராசஸருக்குள் ராம் போன்றவற்றை நிர்வகிக்கும் பகுதி), 1 மற்றவற்றுக்கு. அந்தப் பதினான்கும் பெரும்பாலும் ஏழு ஜோடிகளாக இயங்கும். அதை ஏமாற்று வேலை என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. சுமை பிரிகிறது, வெப்பம் குறைகிறது, நமக்கு வேண்டியது அதுதான். எம்எஸ்ஐயின் பி650 டோமஹாக், ஜிகாபைட்டின் பி650 ஆரஸ் எலைட் ஏஎக்ஸ் இரண்டும் இந்த 14+2+1 அமைப்பில் வந்தவை. உங்கள் தேவைக்கு இவற்றில் எதுவும் போதும்.

ஹீட்சிங்கைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். கனமான அலுமினியமா, காற்று புகும் வெட்டுகள் இருக்கின்றனவா, திருகால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். வண்ண விளக்கு பதித்த பிளாஸ்டிக் மூடி வெப்பத்தைத் தணிக்காது. இன்னொன்று: வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் விஆர்எம் வெப்ப அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் சோதிப்பது 20 டிகிரியை ஒட்டிய அறையில். நம் ஊரில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் கேபினெட்டுக்குள் போகும் காற்றே 38, 40 டிகிரியில் இருக்கும். அவர்கள் சொல்லும் எண்ணோடு நான் எப்போதும் 15 டிகிரி கூட்டித்தான் பார்ப்பேன். லிக்விட் கூலர் போடுவதாக இருந்தால், டவர் கூலரின் விசிறி விஆர்எம் மேல் தள்ளும் காற்று கிடைக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புகளை (சிஎம்ஓஎஸ்) அழிக்கும் பொத்தானும், பிராசஸர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் வசதியும், கோளாறு எங்கே என்று காட்டும் சிறு விளக்குகளும் இருந்தால் நல்லது. தவறான அமைப்பால் கணினி கிளம்பாத இரவுகளில் அவற்றின் அருமை தெரியும்.

7700எக்ஸ் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 105 வாட் என்று குறிப்பிட்டாலும் சாக்கெட் வழியே 142 வாட் வரை எடுக்கும்; அதன் வெப்ப எல்லை 95 டிகிரி. எட்டு கோர்களும் ஒரே சிறிய சிப்பில் நெருங்கி இருப்பதால், நடுத்தர போர்டின் விஆர்எம் திணறுவதற்கு முன்பே பிராசஸர் அந்த எல்லையைத் தொட்டுவிடும். எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டினால், ஒற்றைக் கோரில் கிடைக்கும் 5.4 கிகாஹெர்ட்ஸையும் இழப்பீர்கள். பயாஸில் பிபிஓவை (மின்திறன் எல்லையைத் தளர்த்தும் அமைப்பு) இயக்கி, வோல்டேஜைச் சரிசெய்யும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 10இல் தொடங்கி மெல்ல இறக்கிக்கொண்டே போங்கள். வோல்டேஜ் குறையும், வெப்பம் குறையும், அந்த இடைவெளியில் வேகம் தானாக ஏறும். பிற்காலத்தில் 230 வாட் வரை இழுக்கும் 16 கோர் பிராசஸருக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் விஆர்எம்முக்கு இன்னும் கொஞ்சம் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. ஏஎம்5 சாக்கெட்டை 2027க்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது.

ராமை இரண்டு ஸ்டிக்காக வாங்குங்கள், நான்கு வேண்டாம். ரைசன் 7000க்கு ஏஎம்டி அறிவித்த வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு போட்டால் 3600. டிடிஆர்5 6000 எக்ஸ்போ (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) ராம் இந்தப் பிராசஸருக்குப் பொருத்தமானது. ஆனால் எக்ஸ்போவை இயக்கும் முன் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். 2023இல் எஸ்ஓசி வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறி 7800எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகின. அதன் பிறகுதான் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டியது. பழைய பயாஸோடு கடையில் கிடக்கும் போர்டில் அந்தக் காப்பு இருக்காது.

எல்லாம் மாட்டி முதல் முறை இயக்கும்போது திரை கறுப்பாகவே இருக்கும், ராமைக் குறிக்கும் டிராம் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். போர்டு ராமைப் பழக்கிக்கொள்கிறது. சில நிமிடங்கள் ஆகும். அவசரப்பட்டு சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.