டோட்டல் ஏன் மூன்று மடங்காகிறது? ரிப்போர்ட் கற்பவர்களின் கேள்விகள்

மில், பனியன் கம்பெனி, லாரி ஆபீஸ் என்று கொங்குப் பக்கம் எங்கே சாஃப்ட்வேர் போட்டாலும், முதலாளி கண்ணால் பார்ப்பது ரிப்போர்ட்டை மட்டும்தான். அதை எழுதப் பழகுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஈரோடு: பி.காம். முடித்துவிட்டு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ரிப்போர்ட் டிசைன் கற்க ஆசை. கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், எஸ்.எஸ்.ஆர்.எஸ்., பவர் பி.ஐ., இதில் எதை முதலில் எடுக்கட்டும் சார்?

முதலில் எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸில் டேட்டா கேட்கும் மொழி) படியுங்கள். ஜாயின் (டேபிள்களை இணைப்பது), குரூப் பை (வாரியாகக் கூட்டுவது), சப்-கொயரி (கொயரி என்கிற கட்டளைக்குள் இன்னொரு கொயரி) மூன்றும் கைக்கு வந்துவிட்டால் எந்த டூலும் ஒரு மாதத்தில் பழகிவிடும். கணக்கு எழுதியவர் என்பது உங்களுக்குப் பெரிய பலம். லெட்ஜர் குளோசிங் பேலன்ஸ் தப்பாக வந்தால் உங்களுக்குப் பார்த்ததும் உறுத்தும். புரோகிராம் மட்டும் எழுதத் தெரிந்தவருக்கு உறுத்தாது.

அப்புறம் மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் டூலான எஸ்.எஸ்.ஆர்.எஸ். எடுங்கள். அவர்களுடைய டேட்டாபேஸான எஸ்.க்யூ.எல். சர்வரின் டெவலப்பர் எடிஷன் இலவசம். ஆனால் கற்பதற்கும் சோதிப்பதற்கும் மட்டும்தான், கஸ்டமரிடம் ஓட்டக் கூடாது. ரிப்போர்ட்டை டிசைன் செய்யும் ரிப்போர்ட் பில்டரும் இலவசம். 2025 பதிப்பிலிருந்து எஸ்.எஸ்.ஆர்.எஸ்.ஸின் இடத்தில் பவர் பி.ஐ. ரிப்போர்ட் சர்வரைத்தான் மைக்ரோசாஃப்ட் தருகிறது. ஆனால் எஸ்.எஸ்.ஆர்.எஸ். ரிப்போர்ட்டுகளான ஆர்.டி.எல். கோப்புகள் அதிலும் ஓடுவதால் படித்தது வீண் போகாது. சார்ட் வைத்த டாஷ்போர்டுக்குப் பவர் பி.ஐ. நல்லது. ஆனால் இங்கே நம்மிடம் கேட்பது பெரும்பாலும் இன்வாய்ஸ், ஸ்டேட்மென்ட், லெட்ஜர் என்று பக்கம் பக்கமாகப் பிரின்ட் போகிற சமாச்சாரம். கிரிஸ்டல், பழைய சாஃப்ட்வேர்களில் இன்னும் இருக்கிறது. வேலைக்குச் சேர்கிற இடத்தில் அது இருந்தால் அங்கேயே பழகிக்கொள்ளலாம்.

திருப்பூர்: சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணி, திரும்பி வந்த துணி, இரண்டையும் பார்ட்டி வாரியாகக் காட்டும் ரிப்போர்ட் எழுதினேன். வந்த கிலோ சரியாக இருக்கிறது, அனுப்பிய கிலோ மட்டும் எக்கச்சக்கமாக ஏறுகிறது. டிஸ்டிங்க்ட் (ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்குவது) போட்டும் சரியாகவில்லை. என்ன பண்றதுங்க?

புதிதாக எழுதுபவர்கள் எல்லோருமே ஒரு தடவை இதில் மாட்டுவார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஒரு டி.சி.யில் (டெலிவரி சலான்) 500 கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி) போகிறது என்று வையுங்கள். அது 200, 180, 105 கிலோ என மூன்று இன்வர்டாக (உள்வரவுப் பதிவாக) திரும்பி வருகிறது. டி.சி. டேபிளை இன்வர்டு டேபிளோடு ஜாயின் செய்தால் மூன்று வரி வரும். மூன்றிலும் 500 என்ற எண் நிற்கும். கூட்டினால் அனுப்பியது 1,500 கிலோ, வந்தது 485 கிலோ! அதே டி.சி.க்குச் சாயப்பட்டறை இரண்டு பில் போட்டிருந்து, அவற்றையும் அதே கொயரியில் சேர்த்தால் ஆறு வரி. அப்போது வந்த கிலோவும் இரட்டிப்பாகிவிடும்.

டிஸ்டிங்க்ட் இதற்கு மருந்தில்லை. மூன்று வரியிலும் இன்வர்டு கிலோ வேறு வேறாக இருப்பதால் அவை தனித்தனி வரிகள்தான், அதனால் ஒன்றும் கழியாது. சரி, கூட்டும்போதே டிஸ்டிங்க்ட் போடலாம் என்றால், அதே பார்ட்டிக்கு இன்னொரு டி.சி.யும் 500 கிலோவாக இருந்துவிட்டால் இரண்டில் ஒன்று காணாமல் போகும். முதல் வாரம் சரியாக வந்து, பிறகு எப்போதோ ஒரு நாள் தப்பும். அப்போது கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

வழி இதுதான்: இன்வர்டைத் தனியாக டி.சி. எண் வாரியாகக் கூட்டி, ஒரு டி.சி.க்கு ஒரு வரியாக்குங்கள். பில்லையும் அப்படியே. பிறகு டி.சி.யோடு லெஃப்ட் ஜாயின் (இன்வர்டு இல்லாத டி.சி.யையும் விடாத ஜாயின்) செய்யுங்கள். எந்தப் பக்கத்திலும் ஒன்றுக்கு மேல் வரி இல்லாததால் பெருகாது.

லெஃப்ட் ஜாயினிலும் ஒரு கண்ணி உண்டு. இன்வர்டு தேதிக்கான கண்டிஷனை வெளியே வேர் (WHERE) பகுதியில் போட்டால், ஒரு கிலோகூடத் திரும்பாத டி.சி.க்கள் லிஸ்ட்டிலிருந்து விழுந்துவிடும். அந்த கண்டிஷன், இன்வர்டைக் கூட்டுகிற சப்-கொயரிக்குள்ளேயே இருக்க வேண்டும். வராத துணிதான் முதலாளிக்கு முக்கியம். ஜி.எஸ்.டி. சட்டத்திலும் ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு 1 வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. ஆடிட்டர் தேடுவதும் அந்த டி.சி.க்களைத்தான்.

பிராசஸ் லாஸ் (சாயம் போடும்போது குறையும் எடை) காலத்தை (column) அவசரப்பட்டுப் போடாதீர்கள். மேலே சொன்ன டி.சி.யில் 15 கிலோ குறைவு, அதாவது 3 சதவீதம், ஆனால் டி.சி. முடிந்துவிட்டது என்று யாராவது குறித்தால்தான் அது லாஸ். இல்லாவிட்டால் அது பாக்கித் துணி. இந்த இரண்டையும் ஒரே காலத்தில் போட்டுவிட்டு பட்டறைக்காரரோடு சண்டைக்குப் போகிற கம்பெனிகள் உண்டு.

டிசைனைத் தொடும் முன் ஒவ்வொரு டேபிளையும் தனியாகக் கூட்டி மொத்தத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரி அதோடு பொருந்த வேண்டும்.

கோவை, பம்ப் கம்பெனி: மார்ச் மாத விற்பனை ரிப்போர்ட்டில் 31-ஆம் தேதி பில்கள் பாதிக்கு மேல் வரவில்லை.

பிட்வீன் (இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை) போட்டிருப்பீர்கள். தேதியோடு நேரமும் சேர்ந்த டேபிள் காலத்தில் மார்ச் 31 என்றால் அன்று நள்ளிரவு 12 மணி என்று அர்த்தம். நேரம் இல்லாமல் பதிவான பில் வரும், காலை பத்து மணிக்குப் போட்ட பில் வராது. ஏப்ரல் 1-க்குக் குறைவாக என்று மாற்றுங்கள். நிதியாண்டு வாரியாகப் பிரிக்கத் தேதியிலிருந்து மூன்று மாதத்தைக் குறைத்துவிட்டு வருடத்தை எடுத்தால் போதும். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரே எண் வரும்.

சேலம்: பிரின்ட் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் ஒரு வெள்ளைத் தாள் வருகிறது. எக்செல்லில் எடுத்தால் செல்லெல்லாம் மெர்ஜ் ஆகிக் கிடக்கிறது.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரண்டு பக்கமும் 1 செ.மீ. மார்ஜின் விட்டால் பாடியின் (ரிப்போர்ட் டிசைனின் உட்பகுதி) அகலம் 19-ஐத் தாண்டக் கூடாது. டேபிள் அதற்குள் இருந்தாலும், இழுத்துப் பார்த்தபோது பாடி விரிந்து அப்படியே நின்றிருக்கும். அதைச் சுருக்குங்கள்.

எக்செல் தொல்லைக்குக் காரணம் மேலே வைத்த கம்பெனிப் பெயர், தலைப்புப் பெட்டிகள். அவற்றின் ஓரம் டேபிள் காலங்களின் ஓரத்தோடு நேராக நிற்காவிட்டால் எக்செல் நடுவில் குட்டிக் காலங்களை உண்டாக்கி மெர்ஜ் செய்துவிடும். பெட்டியின் இரு ஓரங்களையும் ஏதாவதொரு டேபிள் காலத்தின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்.

கரூர்: என் லேப்டாப்பில் ஓடுகிற ரிப்போர்ட் கஸ்டமர் ஆபீஸில் ஓட மாட்டேன் என்கிறது.

ரிப்போர்ட்டுக்குள்ளேயே உங்கள் லேப்டாப்பின் சர்வர் பெயர் பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டேட்டா சோர்ஸைப் பகிர்வு டேட்டா சோர்ஸாக சர்வரில் ஒரே இடத்தில் வைத்தால், இடம் மாறும்போது அதை மட்டும் திருத்தினால் போதும்.

அடுத்தது லாகின். ரிப்போர்ட் சர்வர் ஒரு மெஷினிலும் டேட்டாபேஸ் வேறு மெஷினிலும் இருந்தால், பார்ப்பவரின் விண்டோஸ் லாகின் முதல் மெஷினைத் தாண்டி இரண்டாவதுக்குப் போகாது. கெர்பெரோஸ் (லாகினை அடுத்த மெஷினுக்குக் கடத்த உதவும் முறை) அமைத்தால்தான் போகும். சின்ன ஆபீஸில் அந்த வேலைக்கு இறங்க வேண்டாம். படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு எஸ்.க்யூ.எல். லாகின் உருவாக்கி டேட்டா சோர்ஸில் சேமித்து வையுங்கள். அவசரத்துக்கு, எல்லா அதிகாரமும் உள்ள எஸ்.ஏ. லாகினைக் கொடுத்துவிட்டு வருவது நம் ஊரில் நிறைய நடக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

கிரிஸ்டல் என்றால் ரன்டைமை (ரிப்போர்ட் ஓட அந்த மெஷினில் வேண்டிய துணை சாஃப்ட்வேர்) பாருங்கள். அப்ளிகேஷன் 32 பிட்டாக இருந்தால் ரன்டைமும் 32 பிட்டாக இருக்க வேண்டும். எஸ்.க்யூ.எல். சர்வரின் எக்ஸ்பிரஸ் எடிஷனில் இன்னொன்று: அதில் சப்ஸ்கிரிப்ஷன் (ரிப்போர்ட்டைத் தானாக அனுப்பும் வசதி) கிடையாது. சனிக்கிழமை காலை சம்பள ரிப்போர்ட் தானாக மெயிலில் வரும் என்று வாக்குக் கொடுக்கும் முன் எடிஷனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோபி: தொழிலாளர் பெயர் தமிழில் வேண்டும் என்கிறார்கள். கேள்விக்குறிகளாக வருகிறது.

பெயர் இருக்கும் டேபிள் காலம் என்-வார்கார் (nvarchar) வகையாக இருக்க வேண்டும். நேரடியாக எழுதும் கட்டளையில் மேற்கோளுக்கு முன் N என்ற எழுத்தும் வேண்டும். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்ததை மீட்க முடியாது, மறுபடி டைப் செய்ய வேண்டியதுதான். பி.டி.எஃப்.பில் தமிழ் சரியாக வருகிறதா என்று பார்க்க ‘கொங்கு’ என்று ஒரு வரி எடுத்துப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு ‘க’வுக்கு முன்னால் நிற்காவிட்டால் அந்த டூலுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை, ஃபான்ட் மாற்றிப் பயனில்லை.

திருச்செங்கோடு, லாரி ஆபீஸ்: டாட் மேட்ரிக்ஸில் ஒரு பில் வர நிமிடக்கணக்கில் ஆகிறது.

டிசைனரில் செய்த ரிப்போர்ட் பிரின்டருக்குப் படமாகப் போகிறது. அந்த ஒரு பில்லை மட்டும் வெறும் டெக்ஸ்டாக, காலத்துக்கு இத்தனை எழுத்து என்று இடம் ஒதுக்கி அப்ளிகேஷனிலிருந்தே நேராக அனுப்புங்கள். லோகோ வேண்டும் என்றால் பில் தாளிலேயே அச்சடித்து வாங்கச் சொல்லுங்கள்.