ஆறு நாள் படைப்பை அப்படியே வரலாறாக நம்பாதவர் கிறிஸ்தவராக இருக்க முடியுமா?

முடியும். நானும் அப்படிப்பட்ட ஒரு விசுவாசிதான். ஆராதனையில் நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணம் வானத்தையும் பூமியையும் படைத்த பிதாவை அறிக்கையிடுகிறது. எத்தனை நாளில் படைத்தார் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

'டார்வினுக்குப் பயந்துதான் சிலர் ஆதியாகமத்துக்கு வேறு விளக்கம் சொல்கிறார்கள்' என்று பலர் நினைக்கிறார்கள். டார்வினுக்குச் சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே, ஆதிச் சபையின் வேத அறிஞர் ஓரிகன் இதைக் கேட்டுவிட்டார்: சூரியனும் சந்திரனும் நான்காம் நாளில்தான் வருகின்றன, அப்படியானால் முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எங்கிருந்து வந்தன? அவருக்குப் பின் வந்த ஆதிச் சபை ஆயர் அகஸ்டின் இன்னும் ஒரு படி மேலே போனார். தேவன் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆறு நாள் என்பது நமக்குப் புரிவதற்கான ஒழுங்கு என்றார். இயற்கையைப் பற்றி விவரம் தெரிந்த அவிசுவாசிகள் முன்னால், வேதத்தின் பேரைச் சொல்லித் தவறாகப் பேசும் கிறிஸ்தவர்களைக் கடுமையாகவே கண்டித்தார். இளைஞர் கூட்டம் நடத்துகிறவர்கள் அந்தப் பகுதியை வாசித்தால் நல்லது.

அதற்காக அகஸ்டினை இந்தக் காலத்து ஆளாக்கிவிடவும் கூடாது. உலகம் உண்டாகி 6,000 ஆண்டுகூட ஆகவில்லை என்றுதான் அவர் நம்பினார். சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் ஆறு நாளையும் சாதாரண நாட்களாகவே எடுத்துக்கொண்டார். 1650இல் அயர்லாந்துப் பேராயர் அஷர் படைப்பின் ஆண்டு கி.மு. 4004 என்று கணக்கிட்டார். ஆக, நேரடி வாசிப்பும் பழையதுதான். அதை விசுவாசத்தின் அளவுகோலாக வைப்பதுதான் பிற்காலத்து வழக்கம்.

1925இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில், சட்டத்துக்கு மாறாகப் பள்ளியில் பரிணாமம் கற்பித்ததாக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மேல் வழக்கு நடந்தது. வேதத்துக்காக அங்கே வாதாடிய பிரையனே, அந்த நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். உலகத்துக்கு வயது குறைவுதான் என்று காட்ட, பாறை அடுக்குகளையெல்லாம் நோவாவின் ஜலப்பிரளயத்தைக் கொண்டு விளக்கும் வாதம் அந்த நாட்களில் பெரும்பாலும், ஏழாம் நாளை ஓய்வுநாளாக ஆசரிக்கும் அட்வென்டிஸ்ட் சபையாரிடம்தான் இருந்தது. 1961இல் விட்கோம்பும் மோரிஸும் ஜலப்பிரளயம் பற்றி எழுதிய புத்தகத்துக்கு அப்புறம்தான் அது மற்ற சுவிசேஷ சபைகளுக்குள் பெரிய அளவில் பரவியது.

நேரடியாக வாசிக்கிறவர்களின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாட்களின் நீளத்தைவிட ஆதாம்தான் அவர்களுக்கு முக்கியம். ரோமர் 5ஆம் அதிகாரத்தில் பவுல், ஒரே மனுஷனாலே பாவமும், பாவத்தினாலே மரணமும் வந்தது என்கிறார். அந்த ஆதாமுக்கு எதிரே கிறிஸ்துவை நிறுத்துகிறார். மனிதனுக்கு முன்பே கோடிக்கணக்கான ஆண்டுகள் உயிர்கள் செத்துக்கொண்டிருந்தன என்றால் இந்த வசனத்தை எப்படி வாசிப்பது? பவுல் பேசுவது மனிதருக்கு வந்த மரணத்தைப் பற்றி என்பதே என் பதில், ஏனென்றால் அதே வசனம் 'எல்லா மனுஷருக்கும்' மரணம் வந்தது என்கிறது, மிருகங்களைச் சொல்லவில்லை. ஆதாம் ஒரு தனி மனிதன்தானா என்ற கேள்விக்கு இந்தப் பதில் போதாது. சபையில் உட்கார்ந்து பொறுமையாகப் பேச வேண்டியது அதைத்தான்.