ஒளிச் சிப் வடிவமைக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

வணக்கம் அம்மா.

தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள் கணினித் துறை வேண்டாம் என்கிறாள், சிலிக்கான் ஃபோட்டோனிக்ஸ் சிப்பில், அதாவது தரவை ஒளியாக அனுப்பும் சிப்பில், மோட் மல்டிபிளெக்சர் என்ற பாகத்தை வடிவமைக்கப் போகிறேன் என்கிறாள், இதை நம்பிப் படிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் அவள் சொல்வது ஒரு சிப்பில் இருக்கும் ஒரு பாகம். இப்போது தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தப் பாகத்தை அல்ல, அதற்கு அடிப்படையான பட்டப்படிப்பை.

அவளுக்கு ஏன் இதில் இவ்வளவு ஆர்வம் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும். டேட்டா சென்டர்களில் செம்புக் கம்பி வழியே வேகத்தைக் கூட்டக் கூட்ட இழப்பும் சூடும் ஏறுகின்றன. அதனால் ஒளியைச் சிப்புக்குள்ளேயே கொண்டுவருகிறார்கள். சிலிக்கானில் 220 நானோமீட்டர் உயரம், 450 முதல் 500 நானோமீட்டர் அகலத்தில் ஒரு பாதை போட்டால் ஒளி நடுவில் குவிந்தபடி ஓடும். பாதையை அகலமாக்கினால் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்த வடிவங்களிலும் ஓடும். ஒவ்வொரு வடிவமும் ஒரு மோட். நேரான பாதையில் அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை. எனவே ஒரே அலைநீளத்தில், ஒரே பாதையில், ஒவ்வொரு மோடிலும் தனித்தனித் தரவை அனுப்பலாம். அவற்றை ஒரே பாதையில் ஏற்றிவிடும் இடம்தான் மல்டிபிளெக்சர்.

கஷ்டம் எங்கே என்றால், குறுகிய பாதை ஒன்றை அகலப் பாதைக்குப் பக்கத்தில் 100, 200 நானோமீட்டர் இடைவெளியில் ஓடவிட வேண்டும். குறுகிய பாதையில் வரும் மோடின் அலைவேகமும் அகலப் பாதையில் அது ஏற வேண்டிய மோடின் அலைவேகமும் பொருந்தினால்தான் ஒளி முழுதாகத் தாவும். தயாரிப்பில் அகலம் 10 நானோமீட்டர் பிசகினாலே பொருத்தம் கெட்டு, ஒரு மோடின் தரவு இன்னொன்றில் கசியத் தொடங்கும். இதைச் சமாளிக்கப் பாதையைச் சீராக ஒடுக்கிக்கொண்டே போவது போன்ற உத்திகள் உண்டு. மாதக்கணக்கில் கணினியில் சிமுலேஷன், அப்புறம் சிப் தயாராகி வரும்வரை காத்திருப்பு, வந்ததும் ஆய்வகத்தில் அளந்து பார்த்து மறுபடி திருத்தம். பொறுமையும் மின்காந்தவியலில் உண்மையான பிரியமும் இருக்கிற பிள்ளைக்கு இது அருமையான வேலை.

சரி, சிங்கப்பூரில் வேலை உண்டா? இந்தத் துறைக்கு இங்கே வேர் இருக்கிறது. அரசு ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் கழகம் 1991இல் தொடங்கியது. அதிலிருந்து 2017இல் பிரிந்து வந்ததுதான் சிலிக்கான் ஃபோட்டோனிக்ஸ் சிப்புகளைத் தயாரிக்கும் அட்வான்ஸ்டு மைக்ரோ ஃபவுண்டரி. உட்லண்ட்ஸில் ஆலை வைத்திருக்கும் சிப் தயாரிப்பு நிறுவனமான குளோபல்ஃபவுண்டரீஸ் அதை வாங்குவதாக 2025 நவம்பரில் அறிவித்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிய பாகங்களை வடிவமைக்கும் பணிக்குப் பெரும்பாலும் முதுகலையோ முனைவர் பட்டமோ எதிர்பார்க்கிறார்கள். இளங்கலையோடு சேர்பவர்களுக்குச் சோதனை, லேஅவுட் (சிப்பின் வரைபடம் போடுவது), தயாரிப்புச் செயல்முறை, பேக்கேஜிங் (சிப்பை உறையிட்டு வெளி இணைப்புகள் கொடுப்பது) ஆகியவைதான் வாசல். முனைவர் படிப்பு என்றதும் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர்கள் பலர் மாத உதவித்தொகையோடுதான் படிக்கிறார்கள். பெண் பிள்ளைக்கு இத்தனை வருடப் படிப்பா என்று உறவில் யாராவது இழுத்தால், அதை நீங்கள் மகள் காதுவரை போகவிடாதீர்கள்.

பட்டப்படிப்புக்கு மின், மின்னணுப் பொறியியல்தான் என் முதல் தேர்வு. நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகம் இரண்டிலும் அது இருக்கிறது. நடுவில் ஆசை மாறினாலும் சிப் துறையின் மற்ற கதவுகள் திறந்தே இருக்கும். இயற்பியலும் நல்ல தேர்வுதான். ஆனால் அதில் சேர்ந்தால் சிப் வடிவமைப்புப் பாடங்களை அவளே தேடி எடுக்க வேண்டியிருக்கும். எதில் சேர்ந்தாலும், நான்யாங்கின் யுரேகா, தேசிய பல்கலைக்கழகத்தின் யூராப் போன்ற இளங்கலை ஆய்வுத் திட்டம் ஒன்றில் சேர்ந்து ஆய்வகத்துக்குள் நுழைந்துவிட வேண்டும்.

ஏ-லெவல் தேர்வு முடிந்ததும் ஒளி எப்படி ஓடும் என்று சிமுலேஷன் செய்யும் மீப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எம்ஐடியில் உருவானது, பைத்தான் தெரிந்தால் போதும், சாதாரண மடிக்கணினியில் இரு பரிமாணக் கணக்குகள் ஓடும். ஒரு பாதையில் ஒளியை விட்டு, அகலத்தை மாற்றி மாற்றி என்ன ஆகிறது என்று பார்க்கட்டும். அப்புறம் பல்கலைக்கழக ஓப்பன் ஹவுஸுக்கு நீங்களும் கூடப் போங்கள். கையேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், இளங்கலை மாணவர்கள் வடிவமைத்த ஒளிச் சிப் எதுவும் தயாரிப்புக்குப் போயிருக்கிறதா, அதை அவர்களே அளந்தார்களா என்று அங்கிருக்கும் பேராசிரியரிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள்.